உறங்கிப்போன சுரப்பி

இவ்வாண்டு மலருக்கு அறிவியல் கட்டுரை ஒன்று எழுதித் தாருங்கள் என்று கழகத்துத் தம்பி தங்கைகள் கேட்டபோது, ஸ்கூடாயில் நான் படித்த வேதிப் பொறியியலைப் பற்றி ஏதாவது எழுதுவேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். பாசிர் கூடாங்கில் ஆய்வுக்கூட வேலை பார்ப்பவனுக்கு எழுத விஷயமா இல்லை! ஆனால், நான் எழுத நினைப்பது என் பாட்டியின் முகத்தைப் பற்றி. ஓராண்டுக்குள் அந்த முகம் நிலவைப் போல் உருண்டு திரண்டு வந்தது. "பாட்டிக்கு உடம்பு தேறுது" என்று வீடே மகிழ்ந்தது. மகிழ்ந்தவர்களில் முதல் ஆள் நான்தான்.

நான் மருத்துவன் அல்லன். பாட்டிக்கு நேர்ந்ததற்குப் பிறகு தேடிப் படித்ததையும் மருத்துவர்களைத் தொந்தரவு செய்து கேட்டு அறிந்ததையும் வைத்தே இதை எழுதுகிறேன்.

பாட்டியும் பாசார் மாலாம் மருந்தும்

பாட்டி குலாய் வட்டாரத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே மணமுடித்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் சீவியவர். தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு குடும்பம் தாமான் வீட்டுக்கு வந்தது. ஆனால், குனிந்து சீவியதும், பால் வாளிகளைச் சுமந்து மேடு பள்ளம் ஏறி இறங்கியதும் முழங்காலை விட்டுப் போகவில்லை. அரசாங்கக் கிளினிக்கில் வலி மாத்திரையும் கொடுத்து, செய்ய வேண்டிய உடற்பயிற்சிகளையும் சொல்லி அனுப்பினார்கள். பாட்டிக்கு இரண்டிலும் நம்பிக்கையில்லை.

2017-இல் நான் இரண்டாம் ஆண்டு மாணவன். வார இறுதியில் பகுதி நேர வேலை செய்து கையில் கொஞ்சம் பணம் பார்த்த காலம். ஒரு பாசார் மாலாமில் மூட்டு வலிக்கு என்று மரவேர் படம் போட்ட பொட்டலம் விற்றார்கள். உள்ளே பழுப்பு நிற உருண்டைகள். பொட்டலம் பதினைந்து ரிங்கிட். "முழுக்க முழுக்க மூலிகை, பக்க விளைவே கிடையாது" என்றார் விற்றவர். பாட்டிக்கு என் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிக் கொடுத்த முதல் பொருள் அதுதான்.

மூன்றே நாளில் பாட்டி முருகன் கோயில் படியைக் கைப்பிடியில்லாமல் ஏறினார். இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார். இரவில் நன்றாகத் தூங்கினார். "ராசா, இது கைகண்ட மருந்துய்யா" என்று பக்கத்து வீட்டு ஆயாக்களுக்கெல்லாம் என் பெருமையைச் சொன்னார். நானும் மாதந்தோறும் தவறாமல் வாங்கிக் கொடுத்தேன். பொட்டலங்கள் சாமி மேடையில் விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். மூன்றே நாளில் முழங்காலைச் சரிசெய்யும் மூலிகை எது என்று ரசாயனம் படித்த எனக்கு ஒரு நாளும் கேட்கத் தோன்றவில்லை.

அடுத்த ஓராண்டில் பாட்டியின் உருவம் மாறியது. முகம் உருண்டது, கன்னம் சிவந்தது. பிடரிக்குக் கீழே சதை திமில் போல் மேடிட்டது. வயிறு பெருத்தது, கையும் காலும் மட்டும் மெலிந்துகொண்டே போயின. கதவில் லேசாக இடித்துக்கொண்டாலும் கையில் கருநீலத் தழும்பு விழும். கிளினிக்கில் இனிப்புநீர் என்றார்கள், இரத்த அழுத்தமும் கூடிவிட்டது என்றார்கள். நம்மவர்களுக்கு இது புதிதா? 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்றது. அதிலும் இந்தியர்கள்தாம் முன்னணியில். எனவே, 'வயசாச்சு, வந்துடுச்சு' என்று விட்டுவிட்டோம். நாற்காலியிலிருந்து எழக் கையை ஊன்ற வேண்டியிருந்தபோதும் முழங்கால்தான் காரணம் என்றே நினைத்தோம். உண்மையில் தொடைத் தசை கரைந்துகொண்டிருந்தது.

2018 தீபாவளி முடிந்த வாரம், அப்பா நாளிதழில் ஒரு செய்தியை உரக்கப் படித்தார். பாரம்பரிய மருந்து என்று விற்கப்படும் சில பொருள்களில் ஸ்டீராய்டு கலக்கப்படுகிறது என்ற எச்சரிக்கை. கைத்தொலைபேசியில் தேடிப் பார்த்தேன். உருண்ட முகம், திமில், தழும்பு... படத்தில் இருந்தது என் பாட்டி! அடுத்த நொடி சாமி மேடையில் இருந்த பொட்டலங்களை அள்ளிக் குப்பைத்தொட்டியில் போட்டேன். பாட்டி கத்தினார். நான் கேட்கவில்லை. படித்த பேரன் அல்லவா!

பாட்டியைச் சாவுக்கு மிக அருகில் கொண்டுபோனது ஓராண்டாகச் சாப்பிட்ட அந்த மருந்தைவிட, அதை நான் தூக்கி எறிந்த அந்த ஒரு நொடிதான். இந்தக் கட்டுரையை எழுத ஒப்புக்கொண்டதே அதைச் சொல்லத்தான்.

ஐந்தாம் நாள் பாட்டிக்குச் சாப்பாடு வேண்டாம், எழ மனமில்லை. மூட்டு வலி முன்பைவிட இரண்டு மடங்காகத் திரும்பியது. எட்டாம் நாள் காய்ச்சலும் வாந்தியும். ஒரு கிளினிக்கில் உணவு ஒவ்வாமை என்று மாத்திரை கொடுத்தார்கள். அதையும் வாந்தி எடுத்தார். இரவு பதினொரு மணிக்குக் கூப்பிட்டால் பதில் இல்லை. அப்பாவின் காடியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். இரத்த அழுத்தம் 78-க்கு 40. இனிப்புநீர் என்று சொல்லப்பட்டவருக்கு இரத்தத்தில் சர்க்கரை இருக்க வேண்டியதைவிடக் குறைவு, உப்பும் குறைவு.

"பாட்டி என்ன மருந்து சாப்பிடுறாங்க?" என்று கேட்டார் இளம் பெண் மருத்துவர். கிளினிக் மாத்திரைகளைச் சொன்னோம். வேறு? வேறு ஒன்றுமில்லை என்றார் அம்மா. அவர் பொய் சொல்லவில்லை. மூலிகை எங்கள் கணக்கில் மருந்தே அல்ல, அதையும்தான் நிறுத்திவிட்டோமே! மருத்துவர் பாட்டியின் கையைத் திருப்பித் தழும்புகளைப் பார்த்தார். தோளுக்குப் பின்னால் தொட்டுப் பார்த்தார். பிறகு நிதானமாக, "ஜாமு, மக்ஜுன், சின்சே மருந்து, பாசார் மாலாம் மருந்து... ஏதாவது?" என்றார். நான் வாயைத் திறந்தேன். "எப்போ நிறுத்தினீங்க?" என்பதுதான் அவருடைய அடுத்த கேள்வி. "போன வாரம்" என்று நான் முடிப்பதற்குள் தாதியை அழைத்தார். இரத்தம் எடுத்த கையோடு ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மில்லிகிராம் ஊசி, உப்புநீர் ஏற்றம்.

விடியற்காலையில் பாட்டி கண்ணைத் திறந்து கோப்பி-ஓ கேட்டார்.

தொட்டியும் மிதவையும்

மறுநாள் அந்த மருத்துவர் சொன்ன ஒன்று எனக்குப் புரியவே இல்லை. பாட்டியின் தோற்றம் கார்ட்டிசோல் என்ற இயக்குநீர் உடலில் நிரம்பி வழிபவரின் தோற்றம். ஆனால், இரத்தத்தில் கார்ட்டிசோல் கிட்டத்தட்ட இல்லவே இல்லை என்றார். வழிகிறதா, வற்றிவிட்டதா? இரண்டும் ஒரே உடலில் எப்படி?

இதைப் புரிந்துகொள்ள அட்ரினல் சுரப்பிகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு சிறுநீரகத்தின் உச்சியிலும் தொப்பி வைத்ததுபோல் ஒரு சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. ஒன்றின் எடை நான்கைந்து கிராம்தான். இத்தாலிய மருத்துவர் எவுஸ்டாக்கி 1563-இலேயே இவற்றை விவரித்துவிட்டார். எதற்கு இருக்கின்றன என்று தெரிய ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் ஆயின. இலண்டனில் தாமஸ் அடிசன், காரணமின்றி மெலிந்து, சோர்ந்து, தோல் கறுத்து இறந்துபோன நோயாளிகளிடம் இச்சுரப்பிகள் சிதைந்திருந்ததை 1855-இல் நூலாக எழுதினார். மறு ஆண்டே, மொரிசியசுத் தீவில் பிறந்த பிரௌன் செக்கார், இவை இல்லாமல் விலங்குகள் உயிர் வாழ்வதில்லை என்று காட்டினார்.

சுரப்பியின் நடுப்பகுதி அட்ரினலினைச் சுரக்கிறது. நாய் துரத்தும்போது நெஞ்சு படபடப்பதும், தேர்வு மண்டபத்தில் உள்ளங்கை வியர்ப்பதும் அதன் வேலை. வெளிப்புறப் பட்டையில் மூன்று அடுக்குகள். ஓர் அடுக்கு உப்பையும் நீரையும் காக்கும் ஆல்டோஸ்டிரோனைத் தருகிறது. இன்னொன்று பாலின இயக்குநீர்கள் சிலவற்றைத் தருகிறது. இடையில் உள்ள அடுக்குத்தான் கார்ட்டிசோல் தருவது. இரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பது, பட்டினி நேரத்தில் சர்க்கரையை இறங்கவிடாமல் பார்ப்பது, அழற்சியை அடக்குவது எல்லாம் இதன் பொறுப்பு. காலையில் நாம் எழும் நேரத்தில் உச்சத்தில் இருக்கும். நள்ளிரவில் மிகக் குறைவு. காய்ச்சல், விபத்து, அறுவைச் சிகிச்சை என்று உடலுக்கு நெருக்கடி வந்தால் சுரப்பு பல மடங்கு எகிறும். அப்படி எகிற முடியாத உடல் சாதாரணக் காய்ச்சலுக்கே சரிந்துவிடும்.

எவ்வளவு சுரப்பது என்பதைச் சுரப்பி தானாக முடிவு செய்வதில்லை. மூளையின் அடியில் உள்ள ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரிக்கு ஆணையிடுகிறது. பிட்யூட்டரி ஏ.சி.டி.எச். என்ற தூதை இரத்தத்தில் அனுப்புகிறது. தூது கிடைத்ததும் அட்ரினல் கார்ட்டிசோலைச் சுரக்கிறது. போதுமான கார்ட்டிசோல் வந்துவிட்டால் மூளை தூதை நிறுத்திக்கொள்கிறது.

நம் தாமான் வீடுகளின் கூரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். நீர் குறைந்தால் மிதவை கீழிறங்கிக் குழாயைத் திறக்கும். நிறைந்தால் மேலேறி மூடும். இப்போது ஒருவர் மேலே ஏறி, வெளியிலிருந்து ஒரு ரப்பர் குழாயை விட்டு நாள் முழுவதும் தொட்டியை நிரப்பிக்கொண்டே இருக்கிறார் என்று வையுங்கள். தொட்டி வழிகிறது, கூரை நனைகிறது. மிதவை மேலேயே நிற்கிறது. வீட்டின் சொந்தக் குழாய் ஒரு நாளும் திறப்பதில்லை. மாதக்கணக்கில் திறக்காத குழாய் துருப்பிடித்து இறுகிப்போகிறது. திடீரென்று ஒரு நாள் ரப்பர் குழாயை இழுத்து எறிகிறோம். தொட்டி வற்றுகிறது, மிதவை இறங்குகிறது. குழாயோ திறக்க மறுக்கிறது.

கூரையை நனைத்த அந்த வெள்ளந்தான் பாட்டியின் நிலாமுகமும், திமிலும், இனிப்புநீரும். இதற்குக் குஷிங் நோய்க்கூறு என்று பெயர். அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் 1912-இலும் 1932-இலும் எழுதியவற்றால் வந்த பெயர். அவர் எழுதியது பிட்யூட்டரியில் தோன்றும் கட்டியால் வருவதைப் பற்றி. ஆனால், உலகில் இன்று மிகுதியாகக் காணப்படுவது வெளியிலிருந்து உட்கொண்ட ஸ்டீராய்டால் வருவதுதான். துருப்பிடித்த குழாய்தான் பாட்டியின் அட்ரினல். ஏ.சி.டி.எச். சுரக்கச் சொல்வதோடு நிற்பதில்லை, சுரப்பிக்கு ஊட்டமும் அதுதான். அது வராமல் போனால் பட்டை மெலிந்து சுருங்கிவிடும்.

பிறகு வந்த முடிவு, உருண்டைகளில் டெக்சாமெத்தசோன் கலந்திருந்ததாகச் சொன்னது. நான் குப்பையில் போட்டவை போய்விட்டன. சாமி மேடைக்குப் பின்னால் விழுந்து கிடந்த ஒரே ஒரு பொட்டலத்தைத் தேடி எடுத்து மருத்துவமனை மருந்தாளரிடம் கொடுத்திருந்தேன். கார்ட்டிசோல் பரிசோதனை கார்ட்டிசோலைத்தான் அளக்கும், டெக்சாமெத்தசோனை அளக்காது. தோற்றத்தில் வெள்ளம், இரத்தத்தில் வறட்சி என்ற புதிருக்கு விடை இவ்வளவுதான்.

வில்லன் மருந்தல்ல

ஏமாற்றுக்காரர்கள் ஏன் இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது ஒரு ரசாயனக்காரனுக்கு உடனே விளங்கும். 0.75 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் 5 மில்லிகிராம் பிரெட்னிசொலோனுக்கும் 20 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோனுக்கும் சமம். ஒரு மனித உடல் நாள் முழுவதும் சுரக்கும் கார்ட்டிசோலை ஈடுகட்ட ஒரு மில்லிகிராம்கூட வேண்டியதில்லை! விலை மலிவு, உருண்டைக்குள் இருப்பது கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியாது. ஒன்றரை நாள், இரண்டு நாள் வரை உடலில் வேலை செய்யும் என்பதால் மிதவைக்கு ஓய்வே கிடையாது. பெரும்பாலும் குளோர்பெனிரமின் என்ற ஒவ்வாமை மருந்தையும் சேர்த்துவிடுகிறார்கள். அது தூக்கம் தரும். நல்ல பசி, நல்ல தூக்கம், வலி போயே போச்சு! வாடிக்கையாளர் திரும்பி வராமல் என்ன செய்வார்? கலவையும் சீராக இருக்காது. ஓர் உருண்டையில் அதிகம் இருக்கும், அடுத்ததில் ஒன்றுமே இராது. ஆகவே, எவ்வளவு சாப்பிட்டார் என்று மருத்துவராலும் கணக்கிட முடியாது.

அதற்காக ஸ்டீராய்டு என்றாலே நஞ்சு என்று நினைத்துவிடாதீர்கள். 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில், முடக்குவாதத்தால் படுத்துக் கிடந்த 29 வயதுப் பெண்ணுக்குப் பிலிப் ஹென்ச் கார்ட்டிசோன் ஊசி போட்டார். சில நாள்களில் அவர் எழுந்து நடந்தார். பாட்டி கோயில் படி ஏறிய அதே அதிசயம். 1950-இல் ஹென்ச், கெண்டால், ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதே அதிசயத்தின் மறுபக்கத்தையும் மருத்துவ உலகம் அந்த ஆண்டுகளிலேயே பார்த்துவிட்டது. 2020-இல் கோவிட் பெருந்தொற்றின்போது, நாளுக்கு 6 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் சுவாசக் கருவியில் இருந்த நோயாளிகளின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்ததாகப் பிரிட்டனின் ஆய்வு காட்டியது. பத்து நாளுக்குமேல் கொடுக்கவில்லை. மருத்துவர் கண்முன்னே கொடுக்கப்பட்டது. ஆஸ்துமாவுக்கோ வேறு நோய்க்கோ மருத்துவர் தந்த ஸ்டீராய்டைச் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு அதை நிறுத்திவிட்டால், நான் செய்த தவற்றை இன்னொரு முறை செய்ததாகும்.

அட்ரினலுக்கு வேறு கேடுகளும் உண்டு. சுரப்பியே அழிவது அடிசன் நோய். அடிசனின் காலத்தில் காசநோய்தான் அதற்குப் பெருங்காரணம்; இன்று மேல்நாடுகளில் உடலின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குவது முதன்மைக் காரணம். அமெரிக்க அதிபர் கென்னடிக்கு 1947-இலேயே இந்நோய் கண்டறியப்பட்டிருந்தும் தேர்தல் காலத்தில் மறைத்தார்கள். இதில் தோல் கறுக்கும் என்று பாடநூல்கள் சொல்கின்றன. நம்மைப் போன்ற மாநிறத்தாருக்கும் கருநிறத்தாருக்கும் அது எளிதில் தெரியாது. ஈறு, நாக்கு, உள்ளங்கை ரேகை, பழைய காயத்தழும்பு ஆகிய இடங்களில் பார்க்க வேண்டும் என்று அந்த மருத்துவர் எனக்குக் கற்றுக் கொடுத்தார். பாட்டிக்கு அங்கெல்லாம் கறுக்கவில்லை. கறுப்பது ஏ.சி.டி.எச். மிகுவதால், பாட்டிக்கு அதுவே வற்றிப்போயிருந்தது.

ஆல்டோஸ்டிரோன் மிகுந்தால் இரத்த அழுத்தம் ஏறும். 1955-இல் ஜெரோம் கான் விவரித்த இந்நோய், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு இருக்கலாம் என்கிறார்கள். இதை உண்டாக்கும் கட்டிகளில் சில மரபணு மாற்றங்களைக் கண்டறிந்து 2013-இல் வெளிவந்த கட்டுரையின் முதல் ஆசிரியர் எலேனா அஸிசான் என்ற மலேசியர். கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்து, பின்னர் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். இளம் வயதிலேயே அழுத்தம் ஏறியிருந்தாலோ, மூன்று வகை மாத்திரை சாப்பிட்டும் இறங்காவிட்டாலோ மருத்துவரிடம் இதைக் கேட்கலாம். இன்னொன்று: 'அட்ரினல் சோர்வு' என்று சொல்லி இணையத்தில் சத்து மாத்திரை விற்கிறார்கள். அப்படி ஒரு நோயை இயக்குநீர் மருத்துவத்துறை ஏற்கவில்லை. தேர்வு வாரத்தில் மூன்று மணி நேரம் தூங்கினால் எந்தச் சுரப்பி உள்ளவனும் சோர்ந்துதான் போவான்!

நம் ஊர்க் கதை

இது என் வீட்டுக் கதை மட்டும் அன்று. பெட்டாலிங் ஜெயாவில் உள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம், டெக்சாமெத்தசோன் கலந்த பாரம்பரிய மருந்துகளைப் பற்றிப் பல ஆண்டுகளாக எச்சரிக்கை விடுத்துவருகிறது. பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையமும், மலேசியாவில் வாங்கிய இத்தகைய பொருள்களால் குஷிங் நோய்க்கூறு வந்தவர்களைப் பற்றி அறிவித்திருக்கிறது. டெக்சாமெத்தசோன் நம் நாட்டில் மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாத மருந்து. பதிவு செய்யாத மருந்தை விற்றால், முதல் குற்றத்துக்கே தனிநபருக்கு 25,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். சட்டம் இருக்கிறது. பாசார் மாலாம் கூடாரத்தைச் சுருட்டக் கால் மணி நேரம் போதும்; கைத்தொலைபேசிக் கடைக்குச் சுருட்டவும் ஒன்றுமில்லை.

பதிவு பெற்ற மருந்தில் 'மால்' என்று தொடங்கும் எண் இருக்கும். பாரம்பரிய மருந்தானால் அந்த எண் 'டி' என்ற எழுத்தில் முடியும். ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையத்தளத்தில் அந்த எண்ணைத் தேடிப் பார்க்கலாம். போலி எண் அச்சடிப்பவர்களும் உண்டு. பதிவு பெற்ற பிறகு கலப்படம் செய்து பதிவை இழந்த தயாரிப்புகளும் உண்டு. ஆகவே, எண்ணைவிட நான் நம்புவது வேகத்தை. நாள்பட்ட மூட்டு வலியை மூன்று நாளில் போக்கும் 'மூலிகை' எதுவாக இருந்தாலும் எனக்கு இப்போது சந்தேகம்தான்.

நமக்கெல்லாம் மூட்டு வலி இல்லையே என்று விடுதித் தம்பி தங்கைகள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். உடம்பு பெருக்க விற்கும் மாத்திரையிலும் இதே சரக்கு அகப்பட்டிருக்கிறது. முகம் வெளுக்க விற்கும் களிம்புகள் சிலவற்றில் பீட்டாமெத்தசோன் என்ற இதன் உறவுக்காரர் இருந்ததையும் அதே நிறுவனம் அறிவித்திருக்கிறது. வீரியமான ஸ்டீராய்டுக் களிம்பை மாதக்கணக்கில் பரப்பிப் பூசினால் தோல் மெலிவதோடு சுரப்பியும் உறங்கிவிடலாம்.

வீட்டில் யாராவது இப்படிப்பட்ட ஒன்றைச் சில வாரங்களுக்குமேல் சாப்பிட்டுவருவது தெரிந்தால், நீங்களாக நிறுத்தாதீர்கள், வீசாதீர்கள். பொட்டலத்தோடு ஆளையும் அழைத்துக்கொண்டு அன்றே மருத்துவரிடம் போங்கள். அவர் அதற்குப் பதிலாக அளவு தெரிந்த மருந்தைக் கொடுத்து, சுரப்பி விழிக்க விழிக்கக் குறைத்துக்கொண்டே வருவார். ஏற்கெனவே நிறுத்திவிட்டவருக்குச் சோர்வு, பசியின்மை, வாந்தி, வயிற்று வலி, எழுந்தால் தலைசுற்றல் என்று வந்தால், காலைவரை காத்திராமல் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்; 'இதைச் சாப்பிட்டார், இந்த நாளில் நிறுத்தினார்' என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். எங்களிடம் மருத்துவர் கேட்டதால் பாட்டி பிழைத்தார். கேட்காமல் இருந்திருந்தால் நாங்கள் சொல்லியிருக்க மாட்டோம்.

பாட்டிக்கு ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரையை, உடலின் சொந்தச் சுரப்பைப் போலவே, காலையில் கூடுதலாகவும் பிற்பகலில் குறைவாகவும் கொடுத்தார்கள். காய்ச்சல் வந்தால் அளவை இரட்டிப்பாக்க வேண்டும். வாந்தி எடுத்தால் உடனே ஆஸ்பத்திரி. இதை ஓர் அட்டையில் எழுதிச் சுருக்குப்பையில் வைத்திருந்தார். சில மாதங்களுக்கு ஒரு முறை பரிசோதனை: காலை மாத்திரை சாப்பிடாமல் போய் இரத்தம் கொடுக்க வேண்டும். பிறகு செயற்கை ஏ.சி.டி.எச். ஊசி. அரை மணி கழித்து மறுபடி இரத்தம். தூது வந்தால் சுரப்பி எழுகிறதா என்று தட்டிப் பார்ப்பதுதான் அது. முதல் முறை எழவில்லை. பதினான்கு மாதம் கழித்து, 2020 தொடக்கத்தில், நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணைக்கு இரண்டு மாதம் முன்பு, எழுந்துவிட்டது. மாத்திரை நின்றது. முகம் பழைய ஒடுக்கத்துக்குத் திரும்பியது. இனிப்புநீர் முழுதாகப் போகவில்லை, மாத்திரை மட்டும் குறைந்தது.

முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. கிளினிக்கில் சொன்ன உடற்பயிற்சியை நான் எதிரே உட்கார்ந்தால் செய்வார். எழுந்து போனால் நிறுத்திவிடுவார். போன மாதமும் காலை நீட்டி மடக்கிக்கொண்டே என்னைப் பார்த்துச் சொன்னார்: "என்னதான் சொல்லு ராசா, அந்த மருந்து நல்ல மருந்து லா. நீதான் தூக்கிப் போட்டுட்ட."